அப்பாவுக்கு எந்தப் பவுடர் வாங்குவது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. நான்கு மாதத்துக்கு முன் நிமோனியா வந்து 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். போகும்போது 61 கிலோ இருந்தவர் இப்போது 56 கிலோ. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். தொடை இரண்டும் மெலிந்துவிட்டது. இரண்டு கையையும் ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மருந்துக் கடையில் சொன்ன புரத பவுடரைத் தினமும் இரண்டு ஸ்பூன் பாலில் கலந்து கொடுக்கிறேன். ஒரு மாதம் ஆகியும் மாற்றம் தெரியவில்லை. ஜிம்முக்குப் போகும் என் மகன் ‘தாத்தாவுக்கு வே புரோட்டீன் கொடும்மா’ என்கிறான். ‘இந்த வயசுல புரதத்தைக் கொடுத்தா கிட்னி போயிடும்’ என்று அண்ணன் தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எந்தப் பவுடர் நல்லது? எத்தனை ஸ்பூன் கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டின்னின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அப்பா ஒரு நாளில் காலை முதல் இரவு வரை என்னென்ன சாப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் கையில் இருப்பதால் பொதுப்படையாக எதையோ சொல்லாமல் உங்கள் அப்பாவுக்கென்றே பதில் எழுத முடிகிறது.

முதலில் லேபிள். 100 கிராம் பவுடரில் புரதம் 20 கிராம், மாவுச்சத்து 60 கிராம், அதற்குள் சர்க்கரை மட்டும் 24 கிராம் என்று போட்டிருக்கிறது. இந்த மாதிரி டின் ஒன்றை எடுத்து, நாம் டீ கலக்கும் ஸ்பூனால் அள்ளி, தராசில் வைத்துப் பாருங்கள். குவித்து எடுத்தாலும் ஒரு ஸ்பூன் 5 கிராம்தான் வரும். அப்படியானால் நீங்கள் கொடுக்கும் இரண்டு ஸ்பூன் 10 கிராம் பவுடர். அதில் புரதம் 2 கிராம். அதைக் கலக்குகிற ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்றால், 6 முதல் 7 கிராம் புரதம் ஏற்கெனவே இருக்கிறது. பவுடரை விட அதைக் கரைக்கிற பால் மூன்று மடங்கு வேலை செய்கிறது. சரி, இந்த டின்னிலிருந்தே 20 கிராம் புரதம் வேண்டுமென்றால் 100 கிராம் பவுடரைக் கரைக்க வேண்டும். கூடவே 60 கிராம் மாவுச்சத்தும் உள்ளே போகும். சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு அதைச் செய்யச் சொல்ல என்னால் முடியாது.

ஒரு மாதமாக மாற்றம் இல்லாததற்கு உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை. டின்னின் முன்பக்கம் பெரிய எழுத்தில் சொல்வதும் பின்பக்கம் சின்ன எழுத்தில் சொல்வதும் வேறாக இருக்கிறது, அவ்வளவுதான். இனி எந்தப் பவுடரை எடுத்தாலும் ‘100 கிராமில் எவ்வளவு’ என்று மட்டும் பார்க்காமல் ‘ஒரு தடவை கொடுக்கும் அளவில் எவ்வளவு’ என்று பாருங்கள்.

அடுத்தது அப்பாவின் சாப்பாடு. காலையில் இரண்டு துண்டு ரொட்டியும் டீயும். மதியம் ஒரு கப் சோறு, காய், நீர்த்த பருப்பு ஒரு கரண்டி, கொஞ்சம் தயிர். சாயங்காலம் பிஸ்கட். இரவு கஞ்சி, ஒரு டம்ளர் பால். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு முட்டை. நான் கூட்டிப் பார்த்தேன். எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒரு நாளைக்குச் சுமார் 35 கிராம் புரதம்தான் வருகிறது. அவர் எடைக்கு, கிலோவுக்கு 0.6 கிராம் அளவில் நிற்கிறது.

எவ்வளவு வேண்டும்? உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் அளவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அது போதாது என்று 2013-இல் புரோட்-ஏஜ் என்ற பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. நலமாக இருக்கும் முதியவருக்கு 1.0 முதல் 1.2 கிராம், நோயிலிருந்து மீள்பவருக்கோ நாள்பட்ட நோய் உள்ளவருக்கோ 1.2 முதல் 1.5 கிராம் என்பது அவர்களுடைய பரிந்துரை. உங்கள் அப்பாவின் 56 கிலோவுக்கு இது 67 முதல் 84 கிராம். சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால் நாம் 70 கிராமைக் குறி வைக்கலாம். இப்போது சாப்பிடுவதைப் போல இரண்டு மடங்கு.

வயதானால் உடம்பு சிறுத்து வேலையும் குறைகிறதே, புரதம் ஏன் கூடுதலாக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் தசை ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. ஒரு பக்கம் கரைந்துகொண்டும் இன்னொரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. சாப்பிட்டவுடன், புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. அவற்றில் லியூசின் என்ற ஒன்றுதான் ‘கட்டு’ என்று தசைக்குக் குரல் கொடுக்கிறது. இளம் வயதில் மெதுவாகச் சொன்னாலும் தசைக்குக் கேட்கும். வயது ஏற ஏற தசையின் காது மந்தமாகிறது. அதே வேலை நடக்க உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. இளைஞருக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு கால் கிராம் புரதம் போதுமென்றால், முதியவருக்கு ஏறக்குறைய 0.4 கிராம் தேவைப்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு அது ஒரு வேளைக்கு 22, 23 கிராம்.

‘ஒரு வேளைக்கு’ என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கும் முதியவர்களில் பெரும்பாலானோர் காலையில் மிகக் குறைவாகவும், மதியமோ இரவோ ஒரு வேளை மட்டும் ஓரளவும் புரதம் சாப்பிடுகிறார்கள். உங்கள் அப்பாவின் காலை உணவில் 7 கிராம்கூடத் தேறவில்லை. இரவு முழுக்கப் பட்டினி கிடந்த தசைக்கு அந்த 7 கிராம் கேட்பதே இல்லை. அதனால் முதலில் காலை உணவைத்தான் மாற்றச் சொல்வேன். இரண்டு முட்டை 12 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராமுக்கு மேல், அதே இரண்டு துண்டு ரொட்டி 5 கிராம். காலையிலேயே 23 கிராம் வந்துவிட்டது. டின் எதுவும் திறக்கவில்லை.

மதியம் பருப்பை நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாக ஒரு கப் வையுங்கள், 12 கிராம் கிடைக்கும். பெரிய கிண்ணம் தயிரும் அந்தச் சோறும் சேர்ந்தால் 20-ஐத் தாண்டிவிடும். மீனோ கோழியோ சாப்பிடுவார் என்றால் சமைத்த பிறகு 80, 100 கிராம் எடையுள்ள துண்டிலேயே 20 கிராமுக்கு மேல் இருக்கிறது. சாயங்கால பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி நிலக்கடலை கொடுத்தால் 7 கிராம். பல் ஒத்துழைக்காவிட்டால் வேகவைத்தோ அரைத்தோ கொடுங்கள். இரவில் அந்தக் கஞ்சியோடு 25 கிராம் சோயா உருண்டையை ஊறவைத்து நசுக்கிச் சேர்த்தால் 12, 13 கிராம் கூடும். கூடவே வழக்கமான பால்.

தாவரப் புரதத்தில் லியூசின் சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அளவைக் கொஞ்சம் கூட்டி, பருப்பையும் தானியத்தையும் பாலையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தக் குறை பெரும்பாலும் சரியாகிவிடும். சைவம் சாப்பிடுபவர் என்பதால் மட்டும் பவுடருக்கு ஓட வேண்டாம்.

தட்டில் புரதம் உள்ளதை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். சோற்றில் தொடங்கினால் முட்டையும் பருப்பும் அப்படியே மிஞ்சும். பசியே இல்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள். ஐந்து கிலோ குறைந்தால் பல்செட் தளர்ந்துபோகும். மெல்லும்போது ஈறு வலிக்கும். வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘பசியில்லை’ என்று தட்டைத் தள்ளிவிடும் எத்தனையோ பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதுவும் பசியைக் குறைக்கலாம். பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையவும் வாய்ப்புண்டு. அதன் சோர்வும் கால் மரத்துப்போவதும் தசை பலவீனம் போலவே தோன்றும். பி12 அளவு பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

இப்போது அண்ணனின் பயம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சிறுநீரகம் வெகுவாகச் செயலிழந்து, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத நிலையில் இருப்பவர்களுக்குப் புரதத்தை உண்மையிலேயே குறைக்கச் சொல்கிறோம். அப்படி யாரையாவது பக்கத்தில் பார்த்திருப்பார். ஆனால் டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் அதே நோயாளிக்குப் புரதத்தைக் கூட்டச் சொல்வோம். சிறுநீரகம் நன்றாக இயங்கும் முதியவருக்கு நான் மேலே சொன்ன அளவு கெடுதல் செய்யாது. ஆகவே பயத்துக்குப் பதில் பரிசோதனை. ரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிக்கு இவை எப்படியும் வருடா வருடம் பார்க்க வேண்டியவை. இ.ஜி.எஃப்.ஆர். 60-க்கு மேல் இருந்து, சிறுநீரில் அல்புமினும் இல்லையென்றால் தயங்காமல் 70 கிராமுக்குப் போகலாம். 30-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தாலோ அல்புமின் வந்தாலோ அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். 30-க்குக் கீழ் என்றால் சிறுநீரக மருத்துவர் சொல்லும் அளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை கரைந்துபோன ஒருவருக்கு அது குறைவாகத்தான் சுரக்கும். அதனால் சிறுநீரகம் சற்று மங்கியிருந்தாலும் அறிக்கையில் எண் அழகாக இருக்கும். உங்கள் அப்பாவைப் போல வேகமாக மெலிந்தவர்களுக்குச் சந்தேகம் இருந்தால் சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையைச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது தசையின் அளவை அவ்வளவாகச் சார்ந்ததில்லை.

இதுவரை எழுதியது பாதிப் பதில்தான். அடுத்து எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம். சாப்பாட்டை மட்டும் சரிசெய்துவிட்டு இதை விட்டுவிட்டால் அப்பாவின் கால் திரும்பாது.

வயதோடு வரும் தசை இழப்புக்கு 1989-இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற ஆய்வாளர் ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் ‘சதை வறுமை’ என்று பொருள். அதன் பிறகு வந்த ஆய்வுகளில் போஸ்டன் நகரில் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொல்லாமல் விடுவதில்லை. மரியா ஃபியாட்டரோனும் அவர் குழுவினரும் முதியோர் இல்லத்தில் இருந்த, நன்றாகத் தளர்ந்துபோன 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வயது 87. நான்கு குழுவாகப் பிரித்தார்கள். சிலருக்குக் காலுக்கு எடை வைத்த பயிற்சி, சிலருக்கு ஊட்டச்சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம். 1994-இல் முடிவு வந்தது. பயிற்சி செய்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது. நடையின் வேகமும் படியேறும் திறனும் கூடியிருந்தன. பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலவீனம் குறையவில்லை.

87 வயதில் கால் வலு இரண்டு மடங்கு என்றால் 74 வயதை ‘இனிமேல் என்ன’ என்று யாரும் கைவிடக் கூடாது. என் வேலையில் எனக்குத் தெம்பு தருவது இந்த முடிவுதான். தசை முதலில் கேட்பது வேலையை. வேலை கொடுத்த பிறகுதான் புரதம் போய் ஒட்டுகிறது. பயிற்சி செய்த தசைக்குக் காது கொஞ்சம் கூர்மையாகிறது. அதே 23 கிராம் அப்போது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, வெறும் படுக்கைதான். உங்கள் அப்பா 12 நாள் படுத்திருந்தார், அதுவும் நிமோனியாவோடு. அந்த ஐந்து கிலோவில் கொழுப்பைவிடத் தசை நிறைய போயிருக்கும் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதையும் நீங்களே ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள்: ‘அவரை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடுவதில்லை, தண்ணீர் முதல் செய்தித்தாள் வரை கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.’ இதைப் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இவ்வளவு அன்பும் அவர் காலுக்கு எதிராகவே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாளில் பத்துத் தடவை ‘நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்’ என்று சொல்லும்போது, பத்துத் தடவை எழுந்து உட்கார்கிற பயிற்சியை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறீர்கள். தண்ணீர்ப் பாத்திரத்தை அவர் நாற்காலியிலிருந்து எட்டு அடி தள்ளி வையுங்கள். அவர் எழுந்து போகும்போது பக்கத்தில் நில்லுங்கள். எடுத்து மட்டும் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். அப்பா நாற்காலியிலிருந்து எழுவதை எதிரில் நின்று முழுசாகப் பாருங்கள். முன் விளிம்புக்கு நகர்ந்து வருகிறாரா? இரண்டு தடவை உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி வேகம் எடுக்கிறாரா? கைப்பிடியில் உள்ளங்கை அழுந்தும்போது தோள் காதுவரை ஏறுகிறதா? தொடை நடுங்குகிறதா? பிறகு அவர் உட்காருவதையும் பாருங்கள். அதை யாரும் கவனிப்பதில்லை. கடைசி அரை அடியில் ‘தொப்’பென்று விழுந்தால், உடம்பைத் தாங்கி இறக்க முன்தொடைத் தசைக்கு வலு இல்லை என்று அர்த்தம். படி இறங்கும்போதும் கழிப்பறையிலும் விழுவது பெரும்பாலும் இவர்கள்தான்.

இதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்று ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்தது. ஐரோப்பியக் குழு 15 விநாடிக்கு மேல் என்கிறது. அப்பாவால் இப்போது கை ஊன்றாமல் ஒரு தடவைகூட முடியாது என்பதால் விநாடிக் கணக்கு இன்றைக்கு வேண்டாம். கூடவே ஆறு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். ஆறு விநாடிக்கு மேல் எடுத்தால் அதுவும் ஒரு அறிகுறி. பயிற்சி தொடங்குமுன் இந்த எண்ணைக் குறித்து வையுங்கள்.

பயிற்சி என்றால் இயந்திரம் எதுவும் வேண்டாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. அதன் மேல் கெட்டியான தலையணை ஒன்றோ இரண்டோ வைத்து, கை ஊன்றாமல் எழ முடிகிற உயரத்துக்குக் கொண்டு வாருங்கள். அந்த உயரத்திலிருந்து ஐந்து தடவை எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் ஓய்வு. மறுபடி ஐந்து. வாரத்தில் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். எட்டு, பத்துத் தடவை சுலபமாக வந்துவிட்டால் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுங்கள். கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் மூச்சை அடக்கக் கூடாது. எழும்போது வெளியே விடச் சொல்லுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் தசை வலுவுக்கு அது மட்டும் போதாது. மார்பு வலி, அதிக மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொடங்கும் முன் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். 61 கிலோ இருந்தபோது எழுதிய ரத்த அழுத்த மாத்திரை 56 கிலோவில் அதிகமாக இருக்கலாம். படுத்த நிலையிலும், எழுந்து நின்று மூன்று நிமிடம் வரையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நின்றவுடன் வெகுவாக இறங்கினால், பயிற்சியின்போது கண் இருட்டி விழுவார். கிளைமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் உடல் வேலை கூடும்போது சர்க்கரை தாழலாம். வெறும் வயிற்றில் பயிற்சி வேண்டாம்.

நிமோனியா சரியாகி நான்கு மாதம் கழித்தும் எடை திரும்பாமல் இருப்பதையும் லேசாக விடக் கூடாது. மெலிய முயலாமலே ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 8 சதவீதம் போயிருக்கிறது. தைராய்டு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, காசநோய், வேறு கட்டி ஏதாவது, மனச்சோர்வு என்று பார்க்க வேண்டியவை பல. மருத்துவர் அவற்றை ஒதுக்கிய பிறகு நம் வேலை தடங்கலில்லாமல் நடக்கும்.

இனி உங்கள் மகன் சொன்னது. அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பாலின் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு வே. அது சீக்கிரம் செரிக்கும், லியூசின் நிறைய உண்டு. சர்க்கரை சேர்க்காத வே பவுடர் 30 கிராமில் 22 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும். நீங்கள் வைத்திருக்கும் டின்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மருந்தில்லை, பாலிலிருந்து பிரித்த உணவு, அவ்வளவுதான். ஆகவே என் யோசனை இது. இரண்டு வாரம் மேலே சொன்னபடி சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். 70 கிராம் வந்துவிட்டால் பவுடரே தேவையில்லை. பெரும்பாலும் காலையிலோ இரவிலோ ஏதாவது ஒரு வேளை உணவில் புரதம் குறையும். அந்த ஒரு வேளையில் மட்டும் வே 15 முதல் 20 கிராம் பவுடரைப் பாலிலோ கஞ்சியிலோ கலந்து கொடுங்கள். டின்னுக்குள் இருக்கும் கரண்டியால் அளந்து போடுங்கள், டீ ஸ்பூனால் வேண்டாம். வயிறு உப்பினால் அதற்குக் காரணம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையாக இருக்கலாம். ஐசோலேட் என்று எழுதிய வகையில் அது மிகக் குறைவு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுத்துப் பசியைக் கெடுத்துவிடாதீர்கள். வேறு மாத்திரைகளோடு மோதும் இடமும் உண்டு. தைராய்டு மாத்திரை பின்னால் தொடங்கினால் கால்சியம் சேர்த்த பவுடருக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சாப்பிடுபவர்களுக்கும் புரதத்தின் நேரத்தைத் தனியாக வகுக்க வேண்டும்.

வாங்கும்போது பொருள் பட்டியலில் முதலில் இருப்பது என்ன என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் (ஒரு வகை மாவுச்சத்து), சர்க்கரை என்று தொடங்கினால் வைத்துவிடுங்கள். கிளைசின், டாரின் என்று தனியாகச் சேர்த்திருந்தாலும் வேண்டாம். புரதத்தின் அளவைக் காகிதத்தில் கூட்டிக் காட்ட மலிவான அமினோ அமிலங்களைச் சேர்ப்பதுண்டு. தசை கட்ட அவை உதவாது.

மற்றவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் கட்டாயம் எடுத்து நீட்டுவார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கொலாஜென் தசைக்கான புரதம் இல்லை. அதில் டிரிப்டோஃபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலமே கிடையாது, லியூசினும் சொற்பம். பி.சி.ஏ.ஏ. மூன்றே அமினோ அமிலங்கள். மற்றவை இல்லாமல் தசை கட்ட முடியாது. லியூசினிலிருந்து உருவாகும் எச்.எம்.பி. என்ற பொருளின் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, நான் பரிந்துரைப்பதில்லை. கிரியாட்டின் என்ற பவுடர் எடைப் பயிற்சியோடு சேர்ந்தால் முதியவர்களுக்கும் ஓரளவு உதவுகிறது, ஆனால் அது பரிசோதனையில் கிரியாட்டினினை ஏற்றிக் காட்டிக் குழப்பும். அப்பாவின் சிறுநீரக நிலை தெளிவாகும்வரை அதைத் தொடாதீர்கள். வைட்டமின் டி ரத்தத்தில் குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். ‘சத்துதானே, ஒரேயடியாகப் போட்டுவிடலாம்’ என்று பெரிய டோஸ் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்த ஓர் ஆய்வில் முதிய பெண்கள் குறைவாக விழுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். அதிகமாக விழுந்தார்கள்.

கையில் இருக்கும் டின்னை என்ன செய்வது என்றால், சர்க்கரை நோய் இல்லாத யாராவது வீட்டில் குடித்துவிடட்டும். அப்பாவுக்கு அந்தப் பாலை மட்டும் கொடுங்கள்.

பேரனை இதில் இழுத்துவிடுங்கள். ஜிம்மில் ஒவ்வொரு வாரமும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது எப்படி என்று அவனுக்குத் தெரியும். தாத்தாவுக்குத் தலையணையைக் குறைப்பதும் அதே கணக்குதான். மகள் சொன்னால் ‘எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்’ என்று மறுக்கும் அப்பாக்கள், பேரன் எதிரில் உட்கார்ந்து எண்ணினால் இன்னும் இரண்டு தடவை கூடுதலாக எழுவார்கள்.

எடைக் கருவியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு கிலோ ஏறியது கொழுப்பாகவும் இருக்கலாம், கால் வீக்கமாகவும் இருக்கலாம். ஆறு வாரம் கழித்து ஆறு மீட்டர் நடையை மறுபடி அளந்து பாருங்கள். அதே நாற்காலியில், தலையணை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழ முடிகிறதா என்றும் பாருங்கள். முடிந்தால் எத்தனை விநாடி, முடியாவிட்டால் எத்தனையாவது தடவையில் நின்றுபோனார் என்று குறித்து, ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு எனக்கு எழுதுங்கள்.